சாட்ஸ்வொர்த் அவுட்பில்டிங் வழக்கு: எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு 5க்கு 4

வாடகைக்கு இருப்பவரைச் சட்டப்படி காலி செய்ய வைக்கும் வேலையை, மொத்தமாக ஒரு தொகை பேசிச் செய்துதரும் வக்கீல் அலுவலகங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல உண்டு. அவற்றில் ஒன்றிடம் போன வருடம் எங்கள் வழக்கைக் கொடுத்தோம். எதிர்ப்பில்லாத வழக்கென்றால் 18,000 ரேண்ட். கோர்ட் காகிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்து உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃபின் கட்டணம் தனி. எதிர்த்தரப்பு வக்கீல் வைத்து வாதாடினால் அதற்கு மேல் மணிக்கணக்கு. வேலை முடிந்தது, வீடு கைக்கு வந்தது. என் மதிப்பெண் 5க்கு 4.

கோயிலில் பார்க்கிறவர்கள், கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் வெளியே அனுப்பினார்கள்?" என்றுதான். இதையே மனதில் வைத்துக்கொண்டு வக்கீலைத் தேடினால் யாரிடம் போனாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். தென்னாப்பிரிக்காவில் எந்த வக்கீலும் இத்தனை நாளில் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நோட்டீஸ், அது சேர்ந்ததற்குச் சான்று, தேதி, கையெழுத்து எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் நிற்க வேண்டும். அதற்குத்தான் காசு. நான் கரூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் காகிதத்தின் பக்கமாகவே பார்ப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஒரு வழக்கின் குறையைப் பெயரோடு எழுதுவது சரியல்ல. அதோடு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் மாமியார் பெயரில் ஒரு வீடு. அதன் பின்புறம் இரண்டு அறை, சமையல்கட்டு, குளியலறையோடு ஓர் அவுட்பில்டிங். இங்கே தெருவுக்குத் தெரு இதைப் பார்க்கலாம். மகன் கல்யாணத்துக்கு என்று கட்டுவார்கள். மகன் உம்லாங்காவுக்கோ ஜோஹன்னஸ்பர்க்குக்கோ போய்விட்டால் வாடகைக்கு விடுவார்கள். மாதம் 4,200 ரேண்ட். அத்தையின் பென்ஷனோடு இந்தப் பணமும் சேர்ந்தால்தான் கரன்ட், தண்ணீர் பில்லும் வீட்டு வரியும் கட்ட முடியும்.

குடியிருந்தது ஓர் இளம் குடும்பம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண், அவனுடைய அம்மா. மோசமானவர்கள் இல்லை. அத்தைக்கு உடம்பு முடியாதபோது அவன் மனைவிதான் ரசம் வைத்துக் கொடுத்தாள். ப்ராஸ்பெக்டன் பக்கம் அவன் வேலை பார்த்த இடத்தில் ஷிஃப்டைக் குறைத்தார்கள். முதலில் பாதி வாடகை வந்தது, அப்புறம் கால்வாசி, அப்புறம் "அடுத்த வாரம் ஆன்ட்டி". ஒப்பந்தக் காலம் முன்பே முடிந்து, மாதாமாதம் என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பணம் நின்றதும் யோசனை சொல்ல உறவுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ப்ரீபெய்ட் மீட்டரைக் கழற்றிவிடு என்றார் கணவரின் சித்தப்பா மகன். அவர்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்று என்றார் இன்னொருவர். என் கணவரோ, வாடகையை இரட்டிப்பாக்கினால் தானாகப் போய்விடுவார்கள் என்றார். இது போதாதென்று, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்திலிருந்து ஒரு நம்பரும் வந்தது. கூப்பிட்டோம். 3,500 ரேண்ட் கொடுத்தால் இரண்டு ஆட்களோடு வந்து, சாமான்களை வாசலில் வைத்து, கதவைக் கழற்றி எடுத்துப்போவதாகச் சொன்னார் அந்த ஆள். கோர்ட் உத்தரவு என்று நான் வாயெடுத்ததும் போனை வைத்துவிட்டார்.

வக்கீல் அலுவலகத்தில் முதல் ஆலோசனைக்கு 600 ரேண்ட் வாங்கினார்கள். வழக்கு கொடுத்ததும் அதை மொத்தக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள். வக்கீல் அம்மா மெர்பேங்கில் பிறந்தவர். வீட்டுப் பெயர் தமிழ்ப் பெயர். ஆயா, தாத்தா தாண்டித் தமிழ் வராது. ஆனால் அத்தையிடம் பேசிய விதம் எனக்குப் பிடித்தது. கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, போனை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு யோசனைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பைச் சொல்லி மடக்கினார். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

மீட்டரைக் கழற்றலாமா? 1982இல் டிரான்ஸ்வால் கோர்ட்டில் நாயுடு எதிர் மூட்லி என்று ஒரு வழக்கு. வாடகை வீட்டில் கரன்டைத் துண்டித்ததைக் கோர்ட், குடியிருப்பவர் கையிலிருந்ததைப் பறித்ததாகவே எடுத்துக்கொண்டது. வீட்டில் இருப்பது என்றால் விளக்கோடும் அடுப்போடும் இருப்பதுதான். யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன்பே, பறித்ததைத் திருப்பிக் கொடு என்று கோர்ட் சொல்லிவிடும். வக்கீல் அந்த வழக்கின் பெயரைச் சொன்னதுமே அத்தை, "எந்த நாயுடு? டோங்காட் நாயுடுவா?" என்று கேட்டதும், வக்கீல் ஒரு நொடி திகைத்துப் பிறகு சிரித்ததும் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

பூட்டை மாற்றுவது இன்னும் மோசம். 1998இன் 19ஆம் எண் சட்டம், இங்கே எல்லாரும் சுருக்கமாகப் 'பை' (PIE) சட்டம் என்பது, கோர்ட் உத்தரவில்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது இரண்டும். விளக்குக் கம்பத்து ஆள் சொன்ன 3,500 ரேண்டில் இது அடங்கவில்லை. உத்தரவு வாங்கிய பிறகும் கூலி ஆள் வைத்துச் சாமானைத் தூக்க முடியாது. ஷெரிஃப் கூடவே நின்றால்தான் மற்றவர்கள் கை வைக்கலாம்.

அடுத்தது என் கணவரின் யோசனை. ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டைனில் ஓர் அடுக்குமாடியை வாங்கிய கம்பெனி, பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்து, இரண்டு மடங்கு, அதற்கும் மேலான வாடகைக்குப் புது ஒப்பந்தம் போடு, இல்லையென்றால் கிளம்பு என்றது. மபாங்கோ வழக்கு அது. 2012இல் அரசியல் சாசன நீதிமன்றம், வாடகையை உயர்த்துவதற்காகவே ஒப்பந்தத்தை முறிப்பது நியாயமற்ற நடைமுறையா என்று வாடகை வீட்டுத் தீர்ப்பாயம்தான் பார்க்க வேண்டும், குடியிருப்பவர்கள் அங்கே போக இடம் கொடுங்கள் என்றது. தீர்ப்பாயம் என்றால் மாகாணத்துக்கு ஒன்று, 1999இன் வாடகை வீட்டுச் சட்டப்படி அமைந்தது. வீட்டுக்காரரும் போகலாம், குடியிருப்பவரும் போகலாம், கட்டணம் கிடையாது. டெபாசிட் தகராறு, ஒழுகும் கூரை, துண்டித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதுவே நல்ல இடம். காலி செய்யச் சொல்லும் உத்தரவு மட்டும் அங்கே கிடைக்காது, அதற்குக் கோர்ட்தான். இதை வக்கீலே சொன்னார். பாக்கி வாடகை மட்டும் போதும், அவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் என்னிடம் வராதீர்கள், தீர்ப்பாயத்துக்குப் போங்கள், காசு மிச்சம் என்றார். 18,000 ரேண்டை விட்டுக்கொடுத்துப் பேசுகிற வக்கீல் என்பதால் அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

என் கணவருக்குக் கோபம். நம் வீடு, நம் மண், எவனோ ஓசியில் இருக்க, நாம் 18,000 கொடுத்து வரிசையில் நிற்பதா? அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் சொன்னது வக்கீல் இல்லை, அத்தை.

அத்தை பிறந்தது டர்பனின் கேட்டோ மேனரில். அங்கே சொந்த நிலம் வைத்திருந்த இந்தியக் குடும்பங்களும் இருந்தன, அவர்களிடம் வாடகைக்கு இருந்தவர்களும் இருந்தார்கள். அத்தை வீட்டார் வாடகைக்கு இருந்தவர்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த இனப் பகுதிச் சட்டத்தின்படி அந்த இடம் வெள்ளையருக்கு என்று அறிவிப்பு வந்தது. 1960களில் லாரி வந்தது. பாத்திரம், மாவரைக்கும் கல், சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றி, சாட்ஸ்வொர்த்தில், இன்றைக்கும் எண் சொல்லியே கூப்பிடுகிற ஒரு யூனிட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். போக இடம் இருக்கிறதா என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. அந்தக் காலத்திலேயே, 1951இன் ஒரு சட்டம், கோர்ட் வாசலை மிதிக்காமலே குடிசைகளை இடிக்கவும் வழி வைத்திருந்தது. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வந்ததுதான் இந்த 1998 சட்டம். அதற்கும் மேலே, 1996 அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவு: சூழ்நிலை அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்துக் கோர்ட் உத்தரவிட்டாலொழிய யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. "எங்களுக்கு அப்ப யாரும் கோர்ட் காட்டல. இவனுக்காவது காட்டட்டும்" என்றார் அத்தை. என் கணவர் அதற்குமேல் பேசவில்லை. போனிலேயே முன்பணத்தை அனுப்பிவிட்டார்.

நான் கேட்ட கேள்வி வேறு. இந்தச் சட்டம் காலி நிலத்தில் குடிசை போட்டவர்களுக்குத்தானே? நம் ஆள் ஒப்பந்தம் போட்டு முறையாக வந்தவர் ஆயிற்றே? இந்தச் சந்தேகம் வக்கீல்களுக்கே இருந்ததாம். 2002இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், இந்லோவு எதிர் இன்கோபோ வழக்கில் அதைத் தீர்த்துவைத்தது. சட்டப்படி உள்ளே வந்து, ஒப்பந்தம் முடிந்தபின்னும் வெளியே போகாதவருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அந்தத் தீர்ப்பினால்தான் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அவுட்பில்டிங்கின் சாவி திரும்ப வர இத்தனை நடைமுறை.

இனி வேலை எப்படி நடந்தது என்பது. முதலில் பாக்கிக்கு நோட்டீஸ், இருபது வேலை நாள் அவகாசம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற கணக்கு அது. எங்களைப் போல ஒரே ஓர் அவுட்பில்டிங்கை வாடகைக்கு விடுபவர்களுக்கு அது பொருந்துமா என்று வாதம் உண்டு என்றாலும், பின்னால் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த அவகாசத்தைக் கொடுத்தே எழுதினார்கள். அப்புறம் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம். மாதக் கணக்கில் ஓடும் வாடகை என்பதால் எழுத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு. அந்த மாதமும் போன பிறகுதான் கோர்ட்.

கோர்ட்டுக்குப் போனதும் இரண்டு காகிதம், ஒன்றல்ல. வழக்கமான மனு ஒன்று. அதைத் தவிர 4(2) நோட்டீஸ் என்று தனியாக ஒன்று. அதில் என்ன எழுதுவது, எப்படிக் கொடுப்பது என்பதற்குக் கோர்ட்டிடமே முதலில் அனுமதி வாங்க வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் அது குடியிருப்பவர் கையிலும் மாநகராட்சியிலும் சேர வேண்டும். என்ன காரணம், எந்தத் தேதி, நீங்கள் வந்து வாதாடலாம், சட்ட உதவி கேட்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு நோட்டீஸ் போதாது, இரண்டும் வேண்டும் என்பதை 2001இல் கேப் கில்லார்னி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. மலிவாகச் செய்துதருகிறோம் என்பவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 4(2) நோட்டீஸுக்குத் தனியாக அனுமதி வாங்குவீர்களா, அது இந்தக் கட்டணத்தில் அடங்குமா? பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். நோட்டீஸ் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

மாநகராட்சிக்கு எதற்கு நோட்டீஸ், அவர்களா வாடகை தரவில்லை என்று கேட்டேன். 2011இல் வந்த புளூ மூன்லைட் தீர்ப்பைச் சொன்னார். ஜோஹன்னஸ்பர்க் பெரியாவில், தனியார் கட்டடம் ஒன்றில் இருந்த 86 பேர். தனியார் சொத்திலிருந்து வெளியேற்றப்பட்டாலும், போக்கிடம் இல்லாதவர்களுக்குத் தற்காலிக இடம் தரும் பொறுப்பு நகராட்சிக்கு உண்டு என்றது கோர்ட். வீட்டுக்காரரே காலமெல்லாம் இலவசமாகக் குடிவைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டியிருக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இரண்டு பக்கத்தையும் நினைத்துப் பார்த்து எழுதிய தீர்ப்பு என்று எனக்குப் பட்டது. என் கணவருக்குப் 'பொறுக்க வேண்டியிருக்கலாம்' மட்டும்தான் காதில் விழுந்தது.

நடுவில் ஒரு பயம் வந்தது. "முடிஞ்சப்ப கொடுப்பா" என்று அத்தை, குடியிருந்த அந்தத் தம்பியிடம் பலமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவன் பதில் மனுவில் அதை எழுதிவிட்டால்? வக்கீல் எங்கள் ஒப்பந்தத்தைக் கேட்டார். ஸ்டேஷனரிக் கடையில் 20 ரேண்டுக்கு வாங்கிய அச்சடித்த படிவம் அது. கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார்: இந்த ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும் எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். 2002இல் பிரிஸ்லி எதிர் டிராட்ஸ்கி வழக்கு இதே கதை. வாடகையைத் தாமதமாகக் கட்டலாம் என்று வீட்டுக்காரர் வாயால் ஒப்புக்கொண்டார் என்பது குடியிருந்தவரின் வாதம். ஒப்பந்தத்தில் இந்த வரி இருந்ததால் வாய்ப்பேச்சு நிற்கவில்லை. எனக்கு நிம்மதிதான். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "நான் சொன்னது சொன்னதுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அத்தை பக்கம்தான், ஆனால் மனுவில் அதை எழுதச் சொல்லவில்லை.

கோர்ட் நாள். நான் ஒரு புள்ளியைக் குறைத்தது இங்கேதான். எங்களோடு பேசிய வக்கீல் அன்று வேறு வழக்கில் இருந்ததால், பயிற்சியில் இருக்கும் ஒரு பையனை அனுப்பினார்கள். நல்ல பையன், கோட் கொஞ்சம் பெரிது. மாநகராட்சிக்கு நோட்டீஸ் சேர்ந்ததற்கான ஷெரிஃப் சான்று எங்கே என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதும் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தான். என் பையில் நகல் இருந்தது. பின்வரிசையிலிருந்து நீட்டினேன். அசல் கோர்ட் கட்டிலேயே வேறு இடத்தில் இருந்தது. டீ இடைவேளைக்குப் பிறகு கிடைத்தது. நகல் வைத்துக்கொள்ளாத கட்சிக்காரராக இருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, தேதிவாரியாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. வாட்ஸப்பில் கேள்வி கேட்டால் பதில் வர நாலைந்து நாள் ஆகும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் பாக்கி என்றால் மட்டும் அதே நாளில் செய்தி வரும்.

அந்தத் தம்பி தனியாகத்தான் வந்திருந்தான். மாஜிஸ்ட்ரேட் அவனிடம், சட்ட உதவி நிறுவனத்தில் இலவசமாக வக்கீல் கேட்கலாம் என்று தெரியுமா என்று கேட்டார். அவன் அவகாசம் கேட்டான், கொடுத்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வெளியே வராந்தாவில் எங்களைக் கண்டதும் அவன் அத்தையிடம் வந்து, "சாரி ஆன்ட்டி" என்றான். அத்தை அவன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எதிரும் புதிருமாக நிற்கிறவர்கள் பேசிக்கொள்ளலாமா என்று எங்கள் பயிற்சி வக்கீல் பையன்தான் பதறினான்.

பேசியதுதான் பலித்தது. 2004இல் போர்ட் எலிசபெத் நகராட்சி வழக்கில், நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பை வக்கீல் அடிக்கடி சொல்வார். 68 பேர், அவர்களில் 23 குழந்தைகள். அவர்களோடு உட்கார்ந்து பேசிப்பார்க்காமலே வெளியேற்றக் கேட்டது நகராட்சி, கோர்ட் மறுத்துவிட்டது. அந்தக் குடும்பங்கள் யாருடைய வீட்டிலும் வாடகைக்கு இருந்தவர்கள் அல்ல, எங்கள் நிலைமை வேறுதான். இருந்தாலும் பேசிப் பார்த்தீர்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்பார் என்று சொல்லி, வக்கீலே ஒரு சந்திப்பு வைத்தார். மனைவியின் அண்ணன் வீடு ஃபீனிக்ஸில் இருக்கிறது, டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் அங்கே போய்விடுகிறோம், அதுவரை விடுங்கள் என்றான் தம்பி. நாங்கள் பாக்கியில் பெரும்பகுதியை விட்டுவிடுவது, டெபாசிட்டை மீதிப் பாக்கியில் கழிப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இந்தச் சந்திப்புக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இதற்காகவே குறைத்த புள்ளியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை.

இரு பக்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி முத்திரை குத்துவதுதானே பாக்கி என்று அடுத்த வாய்தாவுக்குப் போனோம். இல்லை. மாஜிஸ்ட்ரேட் தம்பியையும் அவன் மனைவியையும் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்ததா? யாராவது மிரட்டினார்களா? போகிற வீட்டில் எத்தனை அறை? அம்மாவின் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பெண்ணின் பள்ளிக்கூடம்? இதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது, இதுவும் ஜோஹன்னஸ்பர்க் பெரியாதான். 184 பேர் இருந்த கட்டடம். வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்கு வந்த சிலர் சரி, போகிறோம் என்று ஒப்புக்கொண்டதை வைத்து எல்லாரையும் வெளியேற்றப் போட்ட உத்தரவை ரத்து செய்துவிட்டது. சம்மதம் இருந்தாலும், தெரிந்துதான் சம்மதித்தார்களா, வீதியில் நிற்பார்களா என்று கோர்ட் தானாக விசாரிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். கேள்விகள் முடிய கால் மணி நேரம் ஆகியிருக்கும். உத்தரவில் இரண்டு தேதி: இந்தத் தேதிக்குள் போக வேண்டும், போகாவிட்டால் இந்தத் தேதியிலிருந்து ஷெரிஃப் வரலாம்.

வயதானவர் வீட்டில் இருந்தால் கோர்ட் வெளியேற்றவே விடாது என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. எங்களிடமும் சொன்னார்கள். அது சரியில்லை. வயதானவர்கள், குழந்தைகள், உடல் ஊனமுற்றவர்கள், பெண் தலைமையில் இருக்கும் குடும்பங்கள் ஆகியோரின் நிலைமையைக் கோர்ட் கவனிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. 2022இல் குரோப்ளர் எதிர் பிலிப்ஸ் வழக்கில், சமர்செட் வெஸ்டில் 1947 முதல் ஒரே வீட்டில் இருந்த, 80 வயதைத் தாண்டிய அம்மா. வீட்டுக்காரர் வேறு இடம் தர முன்வந்தும் அவர் மறுத்தார். அதற்கு மேல் இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று கேட்க முடியாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் காலி செய்ய உத்தரவிட்டது. அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. ஆனாலும், சட்டம் முழுக்கக் குடியிருப்பவர் பக்கம்தான் என்று சொல்கிறவர்களுக்கு அதைக் காட்டத்தான் வேண்டும்.

டிசம்பரில், உத்தரவில் இருந்த தேதிக்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். ஷெரிஃப் வரவில்லை, அதனால் அந்தக் கட்டணமும் மிச்சம். போகும் நாளில் இரு பக்கமும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து எழுதிக்கொண்டோம். குடிவரும்போதும் போகும்போதும் அப்படிச் சேர்ந்து பார்ப்பது சட்டத்திலேயே இருக்கிறது. டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அத்தை அதைத் தனி சேமிப்புக் கணக்கில் வைத்திருந்ததால், வட்டியோடு சேர்த்துப் பாக்கியில் கழித்து, கணக்கை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன்.

யாருக்கு இந்த மாதிரி அலுவலகம் சரிப்படும்? ஒரே வீடு, ஒரே குடும்பம், எழுத்தில் ஒப்பந்தம், பெரிய சண்டை இல்லை என்றால் மொத்தக் கட்டணம் லாபம். கட்டடம் முழுக்க ஆட்கள், யார் யார் என்றே தெரியவில்லை, போக்கிடம் இல்லாதவர்கள் என்றால் இந்த 18,000 கதை அங்கே செல்லாது. அது உயர் நீதிமன்றத்து வேலை, வருடக்கணக்கு. நீங்கள் குடியிருப்பவர் பக்கம் என்றால், நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள், விசாரணை நாளில் தவறாமல் கோர்ட்டில் நில்லுங்கள். வராதவருடைய சூழ்நிலையை மாஜிஸ்ட்ரேட்டுக்கு யார் சொல்வது?

செலவைக் கூட்டிப் பார்த்தால், கட்டணம், ஷெரிஃப், விட்டுக்கொடுத்த பாக்கி எல்லாம் சேர்ந்து ஒரு வருட வாடகையில் பெரும்பகுதி போய்விட்டது. கையைக் கடித்தது, மறைக்கவில்லை. விளக்குக் கம்பத்து ஆளிடம் போயிருந்தால் இதைவிட ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் பக்கத்துத் தெருவிலிருந்தே ஒரு டீச்சர் குடிவந்தார். புது ஒப்பந்தத்தை எழுதித்தர அலுவலகத்தில் 1,500 ரேண்ட் கேட்டார்கள். அதை மட்டும் கொடுக்கவில்லை. 20 ரேண்ட் படிவம்தான் கோர்ட்டிலேயே நின்றுவிட்டதே, அதே கடையில் இன்னொன்று வாங்கிவந்தேன்.